முள் இல்லாத நாற்பது சதுரங்கள்

பழைய சரக்கு மைதானத்தில் முள் இருக்கிறது என்பது அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வடக்குச் சுவரை ஒட்டி, மைதானத்தின் நீளம் முழுக்க, பதினேழு மீட்டர் அகலத்துக்கு ஒரே புதர். பந்து அதற்குள் விழுந்தால் விளையாட்டு முடிந்தது என்று அர்த்தம். நாய் துரத்தினால் பூனைகள் அங்கேதான் ஓடும்.

ஆனால் நாற்பது சதுரங்களின் பட்டியலில் முள் என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை.

கணக்கெடுப்பாளர் இதைக் கவனித்தது திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு. கணவரின் தையல் கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைதான் அவளுடைய அலுவலகம். சுளுக்கிய கணுக்காலை நூல்கண்டுப் பெட்டியின் மேல் நீட்டி வைத்துக்கொண்டு, அறிக்கையோடு சேர்க்க வேண்டிய வரைபடத்தை வரைந்துகொண்டிருந்தாள். முள்புதர் இருக்கும் பகுதிக்குச் சிவப்புப் பென்சிலால் நிழலிட்டாள். பிறகு சதுரங்களுக்குப் புள்ளி வைத்தாள். ஏழு புள்ளிகள் சிவப்புக்குள் விழுந்தன. அந்த ஏழின் தாள்களையும் எடுத்துப் பார்த்தாள். ஏழிலும் அதே நாலு புல், அதே கறுப்பு எறும்பு. முள் இல்லை.

எங்காவது கட்டடம் எழுப்புவதாக இருந்தால், தோண்டுவதற்கு முன்பு அங்கே என்னென்ன முளைக்கிறது, என்னென்ன ஊர்கிறது என்று பார்த்து எழுதித் தருவது அவள் வேலை. அதற்கு உரிமம் வேண்டும். இந்த மைதானத்தில் நீரேற்று நிலையம் வரப்போகிறது. மேற்கு மூலை, தெற்கு ஓரம், வடக்குச் சுவர் என்று மூன்று இடம் குறித்திருந்தார்கள். எங்கே உயிர் வகைகள் குறைவோ அங்கே தோண்டுவார்கள். அவ்வளவுதான் விஷயம்.

இருபதாயிரம் சதுர மீட்டரையும் ஒருவர் தவழ்ந்து பார்க்க முடியாது. அதனால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், பிளாஸ்டிக் குழாயில் செய்த ஒரு சதுரச் சட்டம். அதை நாற்பது இடத்தில் வைத்து, உள்ளே இருப்பதை மட்டும் எண்ணுவார்கள். எந்த நாற்பது இடம் என்பதை மனிதர் தேர்ந்தெடுக்கக் கூடாது. தேர்ந்தெடுத்தால் பூ இருக்கும் இடத்துக்கு, நிழல் இருக்கும் இடத்துக்குத்தான் கால் போகும். எனவே குலுக்கலில் எண்களை எடுப்பார்கள். மூலையில் இருக்கும் இரும்புக் கம்பத்திலிருந்து கிழக்கே இத்தனை மீட்டர், வடக்கே இத்தனை மீட்டர். எண் சொன்ன இடத்தில் சட்டத்தை வைக்க வேண்டும். சேறோ குப்பையோ, பேச்சே கிடையாது.

வேலை தொடங்கிய முதல் நாள் காலையில், பேருந்திலிருந்து இறங்கும்போதே அவளுக்குக் கால் சுளுக்கிவிட்டது. தவணையைத் தள்ளிப்போட வழியில்லை. கடையில் அப்போது அவ்வளவாகத் துணி வரவில்லை. தையல்காரர் இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நாடாவைப் பிடிக்க நான் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். நாடா என்றால் எனக்குத் தெரியாததா என்று ஒரு பெருமை வேறு.

அவள் கம்பத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். அவர் ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் வகைக்கு ஒரு கொத்து பறித்து, ஊர்வதைச் சீசாவில் பிடித்து, எண் போட்ட உறையில் கொண்டுவந்து கொடுத்தார். கண் கெட்டிக்காரக் கண். அவளே ஒன்று என்று நினைத்த இரண்டு புல்லை அவர்தான் விரலால் தடவிப் பிரித்தார். ஒன்று பாப்ளினாம், இன்னொன்று வெல்வெட்டாம். அவள் உறையின் எண்ணைப் பார்க்காமல் இலையை மட்டும் பார்த்துப் பெயர் எழுதுவாள். இது எங்கே முளைத்தது என்று தெரிந்துவிட்டால், அங்கே என்ன இருக்க வேண்டுமோ அதைத்தான் கண் பார்க்கும் என்பது அவள் கட்சி. நல்ல கட்சிதான். இந்தத் தடவை அதுவே கண்ணைக் கட்டிவிட்டது.

இன்னொன்றும் அவளை ஏமாற்றியது. முதல் சதுரத்தில் எல்லாமே புது வகை. போகப் போகப் புதிது குறையும். வரைதாளில் கோடாகப் போட்டால், முதலில் செங்குத்தாக ஏறி, பிறகு மெல்ல மட்டமாகும். மட்டமானால், இந்த நிலத்தில் இருப்பதை ஏறக்குறைய பார்த்துவிட்டோம் என்று பொருள். முப்பதாவது சதுரத்துக்குப் பிறகு அவள் கோடு மேசைப் பலகைபோல் மட்டமாகிவிட்டது. மொத்தம் நாற்பத்தாறு வகை. அவளுக்குத் திருப்தி. முள்ளுக்குள் போகாமல் வெளியிலேயே சுற்றினால் கோடு மட்டமாகத்தான் ஆகும் என்பது அப்போது தோன்றவில்லை.

இப்போது எழுந்து, நொண்டிக்கொண்டே கொடிக்குப் போனாள். மூன்று நாளும் அவர் போட்டிருந்த சாம்பல் நிறக் கால்சட்டை துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. கீழ்மடிப்பிலிருந்து முழங்கால் வரை விரலால் தடவினாள். ஒரு நூல்கூட இழுபடவில்லை.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குள் வந்தாள். அவர் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

“இருபத்து மூணாவது சதுரத்தை எங்கே வச்சீங்க?”

அவர் கால்சட்டையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அங்கேதான், கொஞ்சம் இந்தப் பக்கமாக வைத்தேன் என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவள் விடவில்லை. முள் தொடங்கும் இடத்தில் பாதை இருக்கிறதல்லவா, அந்தப் பாதை ஓரம் என்றார். ஏழையுமா? ஏழையும்தான்.

“தையல்ல ஒரு அங்குலம் விட்டுத்தானே பிடிக்கறோம். அந்த மாதிரி நெனச்சேன்.”

“ஒன்பது மீட்டர். நாலு பேருக்குச் சட்டை தைக்கலாம்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எண்ணலாம். ஆனால் முடியவில்லை. கணக்கெடுப்பு சரியா என்று பார்க்கத் துறையிலிருந்து ஒரு சரிபார்ப்பாளர் வருவார். வெயிலோ மழையோ எப்போதும் கையில் குடை இருக்கும் என்பதால் அவருக்குக் குடைக்காரர் என்றே பெயர். அவர் நாற்பதில் பத்துச் சதுரங்களைத் தானாகக் குறித்துக்கொண்டு, தனியாகப் போய், அவரே சட்டம் வைத்து எண்ணுவார். ஒரு சதுரத்தில் இரண்டு வகை வரை கூடக் குறைய இருக்கலாம். அதற்கு மேல் போனால் பிசகு. பத்தில் ஒன்று பிசகினால் எச்சரிக்கை. இரண்டு பிசகினால் உரிமம் ரத்து. அவள் கோப்பில் ஏற்கெனவே ஒரு மஞ்சள் எச்சரிக்கைச் சீட்டு இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரே புல்லின் குருத்தையும் முற்றலையும் இரண்டு வகையாக எழுதிய வினை. அன்றிலிருந்து அவள் அந்த உரிமத்தை வெந்நீர்ப் பாத்திரம் தூக்குகிறவள் மாதிரிதான் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

குடைக்காரர் போன வாரமே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவருடைய தாளின் நகல் மேசைமேல் இருந்தது. பத்துக்குப் பத்து ஒத்துப்போகிறது, உரிமத்தைப் புதுப்பிக்கலாம் என்று பரிந்துரை. அந்தப் பத்தில் இருபத்து மூன்றும் உண்டு, முப்பத்தொன்றும் உண்டு. இரண்டும் முள்ளுக்குள் இருப்பவை. இரண்டுக்கும் குடைக்காரர் எழுதியிருந்தது: நாலு புல், கறுப்பு எறும்பு.

தையல்காரர் அந்தத் தாளைப் படித்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார்.

“நான் பார்த்ததும் அதான், அவர் பார்த்ததும் அதான். ரெண்டும் ஒண்ணா இருந்தா அது சரியாத்தானே இருக்கணும்?”

“ரெண்டு பேரையும் ஒரே முள்ளு பயமுறுத்தியிருக்கு. வேறொண்ணுமில்ல.”

அவர் தைத்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தார். விஷயம் இப்போதுதான் அவருக்கு முழுதாக விளங்கியது. பழைய தாளை அப்படியே கொடுத்தால் அவளுக்கு உரிமம் கிடைக்கும். வகை குறைவு என்று வடக்குச் சுவர் ஓரத்தில் தோண்டுவார்கள். உண்மையான தாளைக் கொடுத்தால், குடைக்காரர் தாளோடு இரண்டு சதுரம் பொருந்தாது. காகிதத்தில் அது அவளுடைய பிசகாகத்தான் நிற்கும். உரிமம் போய்விடும்.

தவணை வெள்ளிக்கிழமை. அவள் வரைபடத்தை மடித்து வைத்தாள். பிறகு, முள் குத்தாத துணி எது என்று கேட்டாள்.

அவர் கடை வாசலில் வெயிலுக்குக் கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்தார். முன்பக்கம் இரட்டை மடிப்பு, முழங்காலிலும் முழங்கையிலும் பஞ்சு வைத்த ஒட்டு, தலைக்கு முக்காடு. சாயங்காலத்துக்குள் கழுத்திலிருந்து கால்வரை ஒரே உடுப்பு தயார். அதைப் போட்டுக்கொண்டு அவள் கண்ணாடி முன் நின்றாள். பார்சல் மாதிரி இருக்கிறாய் என்றார் அவர். அன்று முழுக்க அவர் சொன்னதில் அவளைச் சிரிக்க வைத்தது அது ஒன்றுதான்.

செவ்வாயும் புதனும் மைதானத்தில் போயின. கணுக்காலில் இறுக்கமாகக் கட்டுப் போட்டிருந்தாள். நிற்க முடியாததும் ஒரு வகையில் நல்லதாகவே போயிற்று. முதலில் வெட்டுக்கத்தரியால் ஆள் உயரத்தில் வழி வெட்டப் பார்த்து, அரை மணி நேரத்தில் அரை மீட்டர்தான் நகர்ந்தாள். கால் வலியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபோது கண்ணில் பட்டது: முள் எல்லாம் மேலேதான் இருந்தது. தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு வெறும் தண்டு. உள்ளே படுத்தவாக்கில் போகலாம்.

வயிற்றால் நகர்ந்து, சட்டத்தின் நாலு குழாய்களையும் உள்ளே இழுத்துக்கொண்டுபோய்ப் பொருத்தினாள். தையல்காரர் வெளியே நாடாவைப் பிடித்துக்கொண்டு மீட்டர் எண்ணைக் கத்தினார். இந்தத் தடவை அரை அங்குலம்கூட விட்டுப் பிடிக்கவில்லை. உள்ளே மண் ஈரமாக இருந்தது. தண்டுகளின் அடியில் பாசி, பெரணி, வெளிறிய காளான், இலைச் சருகுக்குள் மரவட்டை. வெளியில் எங்குமே இல்லாத ஒரு கொடி, முள்ளையே பற்றி ஏறி, மேலே வெயிலில் பூத்திருந்தது. ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் சிவப்பு நுனி கொண்ட குச்சி ஒன்றை நட்டுவிட்டு வந்தாள்.

ஏழு சதுரம் முடிந்தபோது நாற்பத்தாறு, அறுபத்தொன்று ஆகியிருந்தது. மட்டமாகப் படுத்திருந்த கோடு எழுந்து மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது. மூன்று இடங்களில் கடைசியில் இருந்த வடக்குச் சுவர் முதலிடத்துக்கு வந்துவிட்டது. தோண்டுவதற்கு ஏற்ற இடம் இப்போது தெற்கு ஓரம்.

வியாழக்கிழமை அவள் துறை அலுவலகத்துக்குப் போனாள். மாடிக்குப் போவதற்கு முன்பே, கீழே தபால் வாங்கும் மேசையில் புதுத் தாளைக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டாள். மேலே போனபின் மனம் மாறினாலும் திரும்பப் பெற முடியாது. அதற்காகத்தான்.

குடைக்காரர் பருத்த மனிதர். நாற்காலியின் முதுகில் குடை தொங்கியது. காகிதம் பறக்காமல் இருக்க, உள்ளே ஒரு வண்டு உறைந்திருக்கும் கண்ணாடிக் குண்டை வைத்திருந்தார். அவள் நகலை நீட்டி, நடந்ததை வரிசையாகச் சொன்னாள். கணவர் சதுரத்தை நகர்த்தியதையும் மறைக்கவில்லை. அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“இருபத்து மூணுல பன்னெண்டு வகைங்கறீங்க. நான் அஞ்சு எழுதியிருக்கேன். அப்ப நான் பார்த்தது என்ன?”

“பாதை ஓரம், சார்.”

அவர் கண்ணாடிக் குண்டை எடுத்து இன்னொரு இடத்தில் வைத்தார். பிறகு விதியை நினைவுபடுத்தினார், அவளுக்குத் தெரியாததல்ல. இரண்டு பிசகு, ஏற்கெனவே மஞ்சள் சீட்டு, எனவே ரத்து. அப்புறம் குரலைத் தாழ்த்தி, இந்தத் தாளை வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாமே, பழைய தாளில் யாருக்கும் ஒரு குறையும் இல்லையே என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்ன மாதிரி தெரியவில்லை. முத்திரை வாங்கிவிட்டேன் என்று அவள் சொன்னாள். அவர் முகம் கொஞ்சம் இறுகியது.

“அப்படி என்னம்மா இருக்கு அங்கே? வெறும் முள்ளுதானே.”

“முள்ளுதான்னா முள்ளுன்னு எழுதியிருக்கணுமே சார். நாம ரெண்டு பேரும் அதைக்கூட எழுதலையே.”

ஏழு சதுரத்திலும் குச்சி நட்டிருக்கிறது, நாளைக் காலை ஒன்பது மணிக்கு நாடாவோடு அங்கே இருப்பேன் என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பதரை வரை யாரும் வரவில்லை. தையல்காரர் மைதானத்து வாசலையும் மனைவியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். உரிமம் போனால் கடைக்கு வந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கலாம் என்று சொல்ல நினைத்து, நல்லவேளையாகச் சொல்லவில்லை. பத்து மணிக்குக் குடை வந்தது. அதன் கீழே குடைக்காரர் வந்தார்.

அவராகவே நாடாவின் ஒரு முனையை வாங்கிக்கொண்டார். முதலில் இருபத்து மூன்றாம் சதுரம். கம்பத்திலிருந்து கிழக்கே நூற்றுப் பதினெட்டு. அங்கிருந்து வடக்கே திரும்பி நடந்தார். தொண்ணூற்றிரண்டுக்குப் போக வேண்டும். எண்பத்து மூன்றில் பாதை வந்தது, முள் வந்தது, அவர் நின்றார். குடையை மடக்கி, நுனியால் புதரைத் தள்ளிப் பார்த்தார். புதர் குடையைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது.

“போன தடவை இங்கே நின்னு...” என்று ஆரம்பித்தார்.

“நானும் இதே இடத்துலதான் சார் நின்னேன்,” என்றார் தையல்காரர், ரொம்ப அனுசரணையாக.

குடைக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து, முள்ளுக்கு அடியில் பார்த்தார். வெகு தூரத்தில் ஒரு சிவப்பு நுனி தெரிந்தது. நிமிர்ந்து, கடிகாரத்தைப் பார்த்தார், யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில், அந்தத் தார்ப்பாய் உடுப்பு எங்கே என்று கேட்டார்.

உடுப்பு அவள் அளவுக்குத் தைத்தது. அவருக்குத் தோளோடு நின்றுவிட்டது. தையல்காரர் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

“ரெண்டு பக்கமும் உள்ளே துணி விட்டிருக்கேன். பிரிச்சா பிடிக்கும். கையைத் தூக்குங்க சார்.”

குடைக்காரர் மைதானத்தின் நடுவில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். தையல்காரர் பக்கத் தையலைப் பிரித்து, பெரிய பெரிய தையலாக ஓட்டிக் கொடுத்தார். பத்து நிமிடம் ஆயிற்று. மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவருடைய தாளை அவளிடம் கொடுத்துவிட்டு, குடைக்காரர் படுத்தார். முதலில் தலை மறைந்தது, பிறகு முதுகு, கடைசியில் காலணி. ஓரிடத்தில் சிக்கிக்கொண்டு, யாரையென்று தெளிவாகத் தெரியாமல் ஏதோ திட்டினார். நாடா மட்டும் அங்குலம் அங்குலமாக உள்ளே போயிற்று. தொண்ணூற்றிரண்டில் நின்றது.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து குரல் வரத் தொடங்கியது. முள். பாசி. பெரணி. கொடி. அவர் சொல்லச் சொல்ல அவள் அவர் தாளில் எழுதினாள். தன் தாளை மடித்துப் பையில் வைத்திருந்தாள். காளான் வந்தது. இரண்டு வகை எறும்பு வந்தன. மரவட்டை வந்தது. ஒன்பதில் ஒரு இடைவெளி. தையல்காரர் விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். பத்து, பதினொன்று. பன்னிரண்டு வந்ததும் அவர் மூச்சு விட்டார்.

“நிறுத்திடாதீங்க, இன்னொண்ணு இருக்கு,” என்றது குரல். “பெரணி இலைக்குப் பின்னால ஒரு நத்தை. நகம் அளவுதான். இது உங்க தாள்ல இருக்கா?”

அவளுக்கு அந்த நத்தை ஞாபகம் இல்லை. இலையைத் திருப்பிப் பார்த்தோமா என்று யோசித்தாள். திருப்பியதாக நினைவில்லை.

“என் தாளைச் சொல்லக் கூடாது சார். விதி.”

உள்ளே சிரிப்பு மாதிரி ஒரு சத்தம். சரி, எழுதுங்கள் என்றார். எழுதினாள்.

முப்பத்தொன்றுக்கும் அதேபோல் போய்விட்டு வந்தார். இரண்டு சதுரமும் முடிந்து வெளியே வந்தபோது முழங்காலெல்லாம் சேறு, கன்னத்தில் ஒரு கீறல். பாதை ஓரத்தில் உட்கார்ந்து, தையல்காரரின் முதுகைப் பலகையாக வைத்துக்கொண்டு படிவத்தை நிரப்பினார். திருத்தத்துக்குக் காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. வெகுநேரம் நின்றது. முதுகு வலிக்கிறது என்று தையல்காரர் சொல்லவில்லை.

கடைசியில் எழுதினார்: முதல் முறை சரிபார்த்தவர் சதுரத்தின் இடத்துக்குச் செல்லவில்லை. அதன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, குடையைத் தேடினார். அது இன்னும் புதரில்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

உரிமம் இருபது நாள் கழித்துத் தபாலில் வந்தது. கூடவே இரண்டாவது மஞ்சள் சீட்டு: சட்டத்தை உரிமம் பெற்றவர் தம் கையாலேயே வைக்க வேண்டும். தையல்காரர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, யாரைச் சொல்கிறார்கள் என்று தெரியாதவர்போல உள்ளே போனார். தார்ப்பாய் உடுப்பின் பக்கத் தையல்களை அதற்கு முன்பே அவள் அளவுக்குத் திரும்பப் பிடித்து வைத்திருந்தார். உள்ளே விட்டிருந்த துணியை வெட்டவில்லை.

இருபத்து மூன்றாம் சதுரத்துக்குக் குடைக்காரர் தாளில் பதிமூன்று என்று இருந்தது. அவள் தன் தாளைத் திருத்தவில்லை. அதில் பன்னிரண்டு, பன்னிரண்டாகவே இருந்தது.